பாதம் உள்பக்கம் திரும்பினால் ஆபரேஷனா? ஒரு 200 வருடக் கதை

1/ "டாக்டர், புள்ள நடக்கும்போது ரெண்டு பாதமும் உள்பக்கமா திரும்புது. ஓடினா தடுக்கி விழுறான். ஆபரேஷன் பண்ணி நேராக்கிடலாமா?"

ஓபியில் அடிக்கடி கேட்கும் கேள்வி. இதற்குப் பதில் சொல்ல நான் 1826-ல் இருந்து ஆரம்பிக்கணும். கொஞ்சம் பொறுமையா வாங்க.

2/ கால் எலும்பு வளைவது வேறு, முறுக்கிக்கொள்வது வேறு. ஈரத்துணியைப் பிழியும்போது மேல்முனை ஒரு பக்கமும் கீழ்முனை இன்னொரு பக்கமும் திரும்புமே, அதுதான் முறுக்கு. பிறக்கும்போது எல்லோருக்குமே தொடை எலும்பில் சுமார் 40 டிகிரி முறுக்கு உண்டு. வளர வளர அது தானாகவே 15 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். இந்த ரெண்டு எண்களையும் ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில் தேவைப்படும்.

3/ 1826, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா. ஒரு மாலுமியின் இடுப்பு மூட்டு அசையாமல் இறுகிப்போயிருந்தது. ஜான் ரியா பார்ட்டன் என்ற சர்ஜன் அவருடைய தொடை எலும்பை ரம்பத்தால் அறுத்துக் காலை நிமிர்த்தினார். மயக்க மருந்து கிடையாது. அதனால் வேகம்தான் ஒரே கருணை. ஏழே நிமிடத்தில் முடித்தார். குறையைச் சரிசெய்ய நாமே எலும்பை அறுக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வேர்விட்டது.

4/ 1846-ல் ஈதர் மயக்கம் வந்தது. 1867-ல் ஜோசப் லிஸ்டர் கிருமி நீக்க முறையை வெளியிட்டார். இந்த ரெண்டும் வந்த பிறகுதான் ஆபரேஷனுக்குப் போனவர் உயிரோடு வீடு திரும்புவார் என்று நம்ப முடிந்தது. லிஸ்டரிடம் படித்த வில்லியம் மாக்கீவன் கிளாஸ்கோவில், ரிக்கெட்ஸ் நோயால் கால் கோணிய ஏழைக் குழந்தைகளின் எலும்பை உளியால் வெட்டி நேராக்கினார். 1880-ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார்.

5/ முறுக்கைச் சரிசெய்வதும் இதே வழிதான். வெட்டும் இடத்துக்கு மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி செருகுவோம். நடுவில் எலும்பை வெட்டி, கீழ்த்துண்டைத் தேவையான டிகிரிக்குத் திருப்புவோம். எவ்வளவு திருப்பினோம் என்பதை ரெண்டு கம்பிக்கும் இடையிலான கோணம் காட்டிவிடும். அதன்பின் எலும்பு முறிவு கூடுவது போலவே அதுவும் கூடும்.

6/ திருப்புவது சுலபம், திருப்பிய இடத்தில் நிறுத்துவதுதான் கஷ்டம். ஜெர்மனியின் குன்ட்ஷர் 1939-ல் எலும்பின் உள்ளே நீள ஆணி போட்டார். ஆனால் வெறும் ஆணி துண்டுகள் சுழல்வதை முழுசா தடுக்காது. பின்னாளில் மேலும் கீழும் குறுக்கே ஸ்க்ரூ போட்டுப் பூட்டும் ஆணி வந்து அதைத் தீர்த்தது. 1950-களில் சோவியத் ரஷ்யாவின் குர்கான் பகுதியில் இலிசரோவ், காலைச் சுற்றி வளையங்கள் மாட்டி, எலும்பைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் முறையை உருவாக்கினார்.

7/ அளப்பதும் சிக்கலாகவே இருந்தது. சாதாரண எக்ஸ்ரே தட்டையான படம், முறுக்கு அதில் நேரடியாகத் தெரியாது. 1971-ல் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சிடி ஸ்கேன், பிறகு இதற்கும் கைகொடுத்தது. இடுப்பில் ஒரு வெட்டுப்படம், முழங்காலில் ஒன்று, ரெண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் கோணம் கையில்.

8/ ஆக கத்தியும் ஆணியும் அளவுகோலும் வந்தாச்சு. ஆனால் "யாருக்கு இது வேண்டும்?" என்ற கேள்விக்கு மட்டும் பதில் மெதுவாகத்தான் வந்தது. அதற்குள் பல தலைமுறைக் குழந்தைகள் கனமான ஷூ, இடுப்பிலிருந்து முறுக்குக் கம்பி என்று மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். வளைபாதத்துக்காக லண்டனின் டெனிஸ் பிரவுன் உருவாக்கிய, ரெண்டு ஷூவையும் இணைக்கும் பட்டையோடுகூடத் தூங்கினார்கள். நாளடைவில் பாதம் நேராகும். பெருமை ஷூவுக்குப் போகும்!

9/ 1973-ல் ஃபாப்ரியும் சக டாக்டர்களும் அளந்து பார்த்தபோது, இந்தச் சாதனங்கள் தொடை எலும்பின் முறுக்கை மாற்றவில்லை என்று தெரிந்தது. 1985-ல் அமெரிக்காவின் லின் ஸ்டாஹேலி குழு 1000 சாதாரணக் கால்களை அளந்து, எந்த வயதில் எவ்வளவு முறுக்கு இயல்பு என்று அட்டவணை தந்தது. "கோணல்" என்று பயந்த கால்களில் பெரும்பாலானவை அந்த இயல்பு எல்லைக்குள்ளேயே இருந்தன. 40 டிகிரி 15 ஆக இறங்குவதை நாம காத்திருந்து பார்த்திருந்தாலே போதும்.

10/ அப்போ ஆபரேஷன் யாருக்கு? பொதுவாக 8, 10 வயதைத் தாண்டியும் முறுக்கு மிக அதிகமாக நின்று, நடப்பதையோ ஓடுவதையோ நிஜமாகவே பாதிக்கிறவர்களுக்கு. மூளைவாதம் உள்ள சில குழந்தைகளுக்கு. எலும்பு முறிவு தவறான திருப்பத்தில் கூடியவர்களுக்கு. அவர்களுக்கு இது வாழ்க்கையையே மாற்றும். ஆனால் நல்ல எலும்பை வெட்டுகிற வேலை இது. கிருமித்தொற்று, எலும்பு கூடாமல் போவது, கோணம் கூடக்குறைய அமைவது என ஆபத்துகள் உண்டு. பார்க்க அழகா இல்லைங்கிறதுக்காகச் செய்வதில்லை.

11/ உங்க பிள்ளைக்கு ஒரு கால் மட்டும் திரும்பியிருந்தால், வலி இருந்தால், நொண்டினால், மாதத்துக்கு மாதம் அதிகமானால், நடக்கவே தாமதமாகியிருந்தால் உடனே எலும்பு டாக்டரிடம் காட்டுங்க. இது எதுவும் இல்லாத 4 வயசுப் பையன் ரெண்டு பாதத்தையும் உள்ளே திருப்பி ஓடுறானா? ஓடட்டும். அடுத்த வருஷம் மறுபடி அளந்து பார்ப்போம்.

எலும்பை வெட்டக் கத்துக்கிட்ட பிறகு, எதை வெட்டக்கூடாதுன்னு கத்துக்க எங்களுக்கு இன்னும் ஒரு நூற்றாண்டு ஆச்சு. அந்தப் பாடத்தை உங்க பிள்ளை மறுபடியும் அனுபவிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டாம்.