‘யாரு ஜெயிச்சா?’ : மேடை, கணிப்பு, பதினைந்து சதவிகிதம்

1976 செப்டம்பர் 23 இரவு. ஃபிலடெல்ஃபியா நகரின் வால்நட் தெரு நாடக அரங்கில் ஜெரால்டு ஃபோர்டும் ஜிம்மி கார்ட்டரும் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். கார்ட்டர் பேசிக்கொண்டிருக்கையில் ஒலி அறுந்துபோனது. ஏதோ ஒரு சின்ன மின்பாகம் பழுது. சரிசெய்ய 27 நிமிடம் ஆனது. அந்த 27 நிமிடமும் ஒரு ஜனாதிபதியும், ஜனாதிபதியாக ஆசைப்படுகிற இன்னொருவரும் தத்தம் மேசைக்குப் பின்னால் சும்மா நின்றார்கள். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. எதிரே அரங்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். ஒலிவாங்கி இல்லாமலே குரலை உயர்த்தி அவர்களிடம் பேசியிருக்கலாம். அதுவும் இல்லை. கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அமெரிக்கத் தேர்தல் விவாதம் பற்றி எழுதப்பட்ட பல நூறு பக்கங்களைவிட இந்த 27 நிமிட மௌனம் எனக்கு அதிகம் சொல்கிறது. விவாதம் அரங்கத்தில் இருப்பவர்களுக்கானது இல்லை; ஒருவர் மற்றவருக்குப் பதில் சொல்வதற்கானதும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ‘பொதுமக்கள்’ மறுநாள் காலை எண்ணப்படுவதற்காக நடத்தப்படுவது அது. 1960 தொடங்கி 2024 வரை இந்த மேடையைச் சுற்றி எழுந்த சொல்லாடல் முழுவதும் ‘யார் ஜெயித்தார்கள்?’ என்ற ஒரே கேள்வியில் வந்து குவிகிறது. அந்தக் கேள்வியே எப்படி உண்டாக்கப்பட்டது, அது எதை மறைக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், எல்லோருக்கும் தெரிந்த கதை. 1960 செப்டம்பர் 26, சிகாகோ. கென்னடி - நிக்ஸன் முதல் விவாதம். பார்த்தவர்கள் சுமார் 7 கோடி. நிக்ஸன் முழங்காலில் சீழ்பிடித்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தவர். மெலிந்த உடம்பு, பின்திரையோடு கரைந்துபோகிற சாம்பல் கோட்டு, முகத்தில் வியர்வை. கென்னடியோ வெயிலில் பழுத்த முகத்தோடு நின்றார். வானொலியில் கேட்டவர்கள் நிக்ஸன் ஜெயித்தார் என்றார்கள், தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி ஜெயித்தார் என்றார்கள் - பாடப்புத்தகம் வரை போய்விட்ட கதையாடல் இது. பேச்சு / பிம்பம் என்ற இருமை எதிர்வுக்கு இதைவிட வசதியான உதாரணம் வேண்டுமா? நம் ஊடக விமர்சகர்கள்கூட இதைக் கையில் எடுக்காமல் இருந்ததில்லை.

ஆனால் ஆதாரம் என்ன? சிண்ட்லிங்கர் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் எடுத்த ஒரு கணிப்பு. அதில் வானொலியில் கேட்டவர்கள் 282 பேர். அந்த 282 பேரை நம்பித்தான் ஒரு நாகரிகம் கண்ணிடம் தோற்றுப்போனது என்ற தத்துவமே கட்டப்பட்டிருக்கிறது! 1987இல் டேவிட் வான்சில், சூ பெண்டெல் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பிரித்துப் போட்டார்கள். 1960இல் விவாதத்தை வானொலியில் கேட்டவர்கள் யார்? தொலைக்காட்சி எட்டாத கிராமப்புறத்தவர்கள் அவர்களில் அதிகம் இருந்திருக்கலாம். கத்தோலிக்கரான கென்னடியைச் சந்தேகத்தோடு பார்த்த புராட்டஸ்டண்டுகள் அதிகம் இருந்திருக்கலாம். அதாவது, விவாதத்துக்கு முன்பே நிக்ஸன் பக்கம் சாய்ந்திருந்தவர்கள். காதால் கேட்டதால் நிக்ஸனை ஆதரித்தார்களா, நிக்ஸனை ஆதரிக்கிற இடத்தில் வாழ்ந்ததால் காதால் மட்டும் கேட்டார்களா? கணிப்பு இதைக் கேட்கவேயில்லை. மதமும் இடமும் வர்க்கமும் சேர்ந்த ஒரு பிளவு, ‘ஊடகத்தின் மாயம்’ என்று மொழிபெயர்க்கப்பட்டது. 6 கோடியே 88 லட்சம் வாக்குகளில் கென்னடியின் முன்னணி சுமார் 1,13,000தான். இத்தனை மெல்லிய வித்தியாசத்துக்கு எந்தக் காரணத்தையும் காரணமாகச் சொல்லலாம், யார் வந்து மறுக்கப்போகிறார்கள்?

பியர் பூர்தியு 1970களின் தொடக்கத்தில் ‘பொதுக்கருத்து என்று ஒன்று இல்லை’ என்று ஓர் உரை நிகழ்த்தினார். எல்லோருக்கும் எல்லாவற்றிலும் கருத்து உண்டு, எல்லாக் கருத்துக்கும் ஒரே எடை உண்டு, இந்தக் கேள்விதான் கேட்கத்தகுந்தது என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு உண்டு - கணிப்பு தன் மடியில் வைத்திருக்கிற இந்த மூன்று அனுமானங்களையும் அவர் கேள்விக்குள்ளாக்கினார். நமக்கு இங்கே மூன்றாவதுதான் முக்கியம்.

ஃபோர்டு விஷயத்துக்கே வருவோம். 1976 அக்டோபர் 6, சான் ஃபிரான்சிஸ்கோ, இரண்டாவது விவாதம். ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையின் மாக்ஸ் ஃபிராங்கெல் கேட்ட கேள்விக்கு, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை, என் ஆட்சியில் இருக்கவும் இருக்காது என்று பதில் சொல்லிவிட்டார் ஃபோர்டு. கேட்டவரே திகைத்துப்போய் திருப்பிக் கேட்டார். ஃபோர்டு பின்வாங்கவில்லை. அன்றிரவு விவாதம் முடிந்த கையோடு ஃபோர்டின் சொந்தக் கணிப்பாளர்கள் தொலைபேசியில் விசாரித்தபோது ஃபோர்டே லேசாக முன்னால் இருந்தார். பெரும்பாலோர் அந்த வாக்கியத்தைத் தவறு என்றே எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் முழுக்கத் தொலைக்காட்சியும் நாளிதழும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லின. மறுநாள் இரவுக்குள் ‘யாரு ஜெயிச்சா?’ என்ற அதே கேள்விக்கு மிகப் பெரிய வித்தியாசத்தில் கார்ட்டர் என்று பதில் வந்தது. தங்கள் கண்ணால் பார்த்ததை 24 மணி நேரத்தில் மறுவாசிப்புச் செய்துகொண்டார்கள் மக்கள். பட்டிமன்றம் கேட்டுப் பழகிய நமக்கு இது புரியாத சங்கதி அல்ல: நடுவர் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் எந்த அணி நன்றாகப் பேசியது என்பது ‘தெரியவரும்’.

2000இலும் இதே கதை. முதல் விவாதம் முடிந்ததும் எடுத்த உடனடிக் கணிப்புகளில் அல் கோர் பின்தங்கவில்லை. பிறகுதான் அவருடைய பெருமூச்சுகளைத் தனியே வெட்டியெடுத்து வாரக்கணக்கில் ஓட்டினார்கள். நகைச்சுவை நிகழ்ச்சிக்காரர்கள் பாக்கியை முடித்துவைத்தார்கள்.

சரி, ஜெயித்தவர் தேர்தலில் ஜெயிக்கிறாரா? 2016ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாடே இரண்டாகக் கிழிந்து நின்ற தேர்தல். முதல் விவாதத்தைப் பார்த்தவர்கள் 8 கோடியே 40 லட்சம். சிஎன்என் கணிப்பில் ஹிலாரி கிளிண்டன் 62 - 27 என்று முன்னால். இரண்டாவது, மூன்றாவது விவாதங்களிலும் அவரே. நவம்பரில் ட்ரம்ப் ஜனாதிபதி. 2024 செப்டம்பர் 10, ஃபிலடெல்ஃபியா: கமலா ஹாரிஸ் 63, ட்ரம்ப் 37. (ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனார் ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் தேர்தலன்று கோவிலில் விசேஷ பூஜை. அந்தக் கணிப்பில் அவர்களை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.) நவம்பரில் மறுபடி ட்ரம்ப்தான். பிளவுண்ட சமூகத்தில் ‘யாரு ஜெயிச்சா?’ என்பது நடிப்புக்கு மதிப்பெண் போடுகிற கேள்வி. மதிப்பெண்ணை ஒருவருக்குப் போட்டுவிட்டு வாக்கை இன்னொருவருக்குப் போடுவதில் ஒரு வாக்காளருக்கு எந்த முரண்பாடும் இல்லை. அதை அறியாமை என்று சொல்கிறவர்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

‘அப்படியானால் எல்லாம் வெறும் நாடகம், விட்டுத்தள்ளு’ என்று சொல்கிற தோழர்கள் உண்டு. அது சோம்பேறி விமர்சனம். 2024 ஜூன் 27 இரவு - நமக்கு மறுநாள் காலை ஆறரை மணி - பைடன் வார்த்தை தேடித் தடுமாறியதைப் பார்த்தேன். அன்றைய உடனடிக் கணிப்பு 67 - 33 என்று ட்ரம்ப் பக்கம் போனது. 24 நாளில், ஜூலை 21 அன்று, பைடன் போட்டியிலிருந்தே விலகினார். ஆக விவாதத்துக்கு விளைவு உண்டு. ஆனால் அந்த இடைப்பட்ட நாட்களில், யாருக்கு வாக்களிப்பீர்கள் என்ற கணிப்புகள் ஓரிரு புள்ளிகள்தான் நகர்ந்தன. நகர்ந்தது வேறு இடம்: நன்கொடையாளர்கள், கட்சித் தலைவர்கள், பத்திரிகைத் தலையங்கங்கள். மேடை வாக்காளரைப் பார்த்துப் பேசுகிறது. காதில் போட்டுக்கொள்கிறவர்கள் பின்வரிசையில் இருக்கிறார்கள்.

இப்போது பூர்தியுவின் மூன்றாவது அனுமானத்துக்கு வருகிறேன். யார் ஜெயித்தார் என்று கேட்கிறோமே, மேடைக்கு யார் ஏறலாம் என்பதை முடிவுசெய்வது யார்?

1934ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டம், பிரிவு 315: ஒரு வேட்பாளருக்கு ஒலிபரப்பில் இடம் தந்தால் மற்ற வேட்பாளர்களுக்கும் சம வாய்ப்புத் தர வேண்டும். சின்னக் கட்சிகளுக்கு இருந்த ஒரே பிடிமானம் இது. 1960இல் காங்கிரஸ் இந்தப் பிரிவைத் தற்காலிகமாக நிறுத்திவைத்ததால்தான் கென்னடியும் நிக்ஸனும் மட்டும் பேச முடிந்தது. 1964, 1968, 1972 தேர்தல்களில் விவாதமே கிடையாது; முன்னால் இருக்கிறவருக்கு அது தேவைப்படவில்லை. 1975இல் ஆணையம் ஒரு புது விளக்கம் சொன்னது: வெளியார் யாரேனும் நடத்தினால் அது ‘செய்தி’, தொலைக்காட்சி அதைப் போய்ப் படம் பிடிக்கலாம், சம வாய்ப்பு தர வேண்டியதில்லை. அந்த வெளியாராக வந்தது பெண் வாக்காளர்கள் கழகம். 1920இல், பெண்கள் வாக்குரிமை பெற்ற காலத்தில் தொடங்கப்பட்ட அமைப்பு. 1976இல் தன்னையும் சேர்க்கக் கோரி சுயேச்சை வேட்பாளர் யூஜின் மெக்கார்த்தி வழக்குப் போட்டார். நடக்கவில்லை. அந்த 27 நிமிட மௌனத்தில்கூட அவருக்கு இடமில்லை.

1980இல் கழகம் ஒரு அளவுகோல் வைத்தது: கணிப்புகளில் 15 சதவிகிதம். சுயேச்சையான ஜான் ஆண்டர்சன் அதைத் தொட்டார், அழைத்தார்கள். அவரோடு மேடையேற கார்ட்டர் மறுத்தார். ஆண்டர்சனும் ரீகனும் மட்டும் பேசினார்கள். பிறகு ஆண்டர்சன் 15க்குக் கீழே இறங்கினார். அவரை விட்டுவிட்டு அக்டோபர் 28 அன்று ரீகனும் கார்ட்டரும் பேசினார்கள். இதெல்லாம் இருந்தும் கழகம் பேரம்பேசக்கூடிய வெளியாராக இருந்தது என்றே சொல்வேன். அதுதான் பொறுக்கவில்லை. 1987இல் இரு கட்சிகளின் தேசியத் தலைவர்களும், குடியரசுக் கட்சியின் ஃபாரன்காஃப், ஜனநாயகக் கட்சியின் கிர்க், சேர்ந்து ‘ஜனாதிபதி விவாதங்களுக்கான ஆணையம்’ என்று ஒன்றை உருவாக்கினார்கள். பெயரைக் கேட்டால் அரசாங்க அமைப்பு மாதிரி இருக்கும், தனியார் அமைப்பு. செலவுக்கு அன்ஹூசர்-புஷ் பீர் கம்பெனி போன்றோர். 1988இல், கேள்வி கேட்பவர் யார், அரங்கில் உட்காருபவர் யார் என்பது வரை இரண்டு தரப்பும் மூடிய கதவுக்குள் எழுதிக்கொண்ட 16 பக்க ஒப்பந்தத்தைக் கழகத்தின் முன் வைத்தார்கள். அமெரிக்க வாக்காளருக்குச் செய்யும் மோசடிக்குத் துணைபோக முடியாது என்று அறிவித்துவிட்டு வெளியேறியது கழகம். அதன் பிறகு அந்த மேடைக்கு அது திரும்பவேயில்லை.

1992இல் ராஸ் பெரோ. ஜூலையில் விலகி, அக்டோபர் 1இல் மறுபடி வந்தபோது கணிப்புகளில் அவர் 10 சதவிகிதத்தைச் சுற்றியோ அதற்கும் கீழேயோ இருந்தார். அப்போது ஆணையத்திடம் 15 சதவிகித விதி இல்லை. இரு தரப்பும் சம்மதித்தன, மூன்று விவாதங்களிலும் பேசினார். (கோடீஸ்வரர் வேறு; அரைமணி நேரம் அரைமணி நேரமாகத் தொலைக்காட்சி நேரம் வாங்கவும் அவரால் முடிந்தது. அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.) கிடைத்தது 18.9 சதவிகித வாக்கு. 1998இல் மின்னசோட்டா மாநில ஆளுநர் தேர்தலில், சுமார் 10 சதவிகிதத்தில் இருந்த ஜெஸ்ஸி வெஞ்சுராவை விவாதத்தில் சேர்த்தார்கள். 37 சதவிகிதம் வாங்கி ஜெயித்தே விட்டார். 1996இல் பெரோ சேர்க்கப்படவில்லை. 2000 தொடங்கி ஐந்து தேசியக் கணிப்புகளின் சராசரியில் 15 சதவிகிதம் என்று ஆணையம் சட்டம் வைத்தது.

இந்த வட்டத்தை நிதானமாகப் பாருங்கள். பேசினால்தான் தெரிய வரும். தெரிந்தால்தான் கணிப்பில் ஏறும். கணிப்பில் ஏறினால்தான் பேசலாம். கணிப்பவர்கள் பல சமயம் மூன்றாவது பெயரைச் சொல்லியே கேட்பதில்லை. கருத்தை அளக்கிற கருவி என்று சொல்லிக்கொண்டு வந்தது கருத்துக்கு வாசற்காவலாக உட்கார்ந்துவிட்டது. 2000 அக்டோபர் 3 அன்று பாஸ்டனில் ரால்ஃப் நேடர் பக்கத்து அரங்கில் திரையில் பார்ப்பதற்காக, கையில் அனுமதிச்சீட்டோடு வந்தார். அவரையும் போலீஸ் திருப்பி அனுப்பியது. 2012 அக்டோபர் 16 அன்று ஹோஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழக வாசலில் பசுமைக் கட்சி வேட்பாளர் ஜில் ஸ்டைனைக் கைதுசெய்து, மணிக்கணக்கில் நாற்காலியோடு விலங்கிட்டு வைத்திருந்தார்கள். உள்ளே ஒபாமாவும் ராம்னியும் விவாதித்தார்கள். ‘யாரு ஜெயிச்சா?’ என்று அன்றிரவும் கணிப்பு எடுத்தார்கள்.

2024இல் ஆணையத்தையே ஓரம்கட்டிவிட்டார்கள். மே மாதம் பைடன் தரப்பு ஆணையத்தின் விவாதங்களுக்கு வர முடியாது என்றது. ட்ரம்ப் தரப்பும் தொலைக்காட்சிகளோடு நேரடியாக ஒத்துக்கொண்டது. ஆள்தான் மாறியது, அளவுகோல் மாறவில்லை: சிஎன்என் கேட்டதும் நான்கு கணிப்புகளில் 15 சதவிகிதம்தான், அதோடு 270 தேர்வாளர் வாக்குகளுக்குப் போதுமான மாநிலங்களில் வாக்குச்சீட்டில் பெயர். ராபர்ட் கென்னடி ஜூனியர் வெளியே நின்றார். இந்தக் கென்னடியின் அரசியல் எனக்கு ஒவ்வாதது. தடுப்பூசி பற்றி அவர் பரப்பியதெல்லாம் ஆபத்தானது. ஆனால் அவரை வெளியே நிறுத்தியது அந்தக் காரணம் அல்லவே. ஜூன் 27 மேடையில் பார்வையாளர்களும் இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவரின் ஒலிவாங்கி அணைத்துவைக்கப்பட்டது. 1976இல் பழுதாக நேர்ந்தது, 2024இல் விதியாக எழுதப்பட்டது.

ஆணையம் அந்த ஆண்டின் ஜனாதிபதி வேட்பாளர் விவாதங்களுக்கு மூன்று இடங்களைத் தேர்வு செய்து வைத்திருந்தது. அதில் ஒன்று பீட்டர்ஸ்பர்க் ஊரிலுள்ள வர்ஜீனியா அரசுப் பல்கலைக்கழகம், அக்டோபர் 1. கறுப்பின மக்களுக்கென்று தொடங்கப்பட்ட கல்வி நிலையம் ஒன்றில் ஜனாதிபதித் தேர்தல் விவாதம் நடக்கவிருந்தது அதுவே முதல்முறை. மாணவர்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள். இரு தரப்பும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டதில், அந்தத் தேதி பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.