கடல் மீட்புப் பணி: புதுக்கோட்டைக் கடற்கரை

புதுக்கோட்டை மாவட்டத்தின் கரை, வடக்கே கட்டுமாவடியில் தொடங்கி மீமிசலைத் தாண்டி பாக் விரிகுடாவை ஒட்டிச் செல்கிறது. விசைப்படகுகளுக்குக் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் முதன்மைத் தளங்கள். ஆழம் குறைந்த கடல்தான். ஆனால் சாதுவான கடல் அல்ல. வாடைக்காற்று வலுத்தால் அலைகள் மூச்சுவிட நேரம் தராமல் அடுத்தடுத்து எழும். பலகை பெயர்ந்து தண்ணீர் ஏறினால் எஞ்சின் நின்றுவிடும். காலி டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டியதுதான்.

நெடுங்காலம் இங்கே மூழ்கும் படகுக்குத் துணை பக்கத்துப் படகு மட்டுமே. வலையை அறுத்துவிட்டு, அன்றைய மீன்பாட்டை இழந்து, சக மீனவரைத் தூக்க ஓடுவது எழுதாத சட்டம். அரசின் ஏற்பாடு பிந்தியே வந்தது. இந்தியக் கடலோரக் காவல்படை 1977 பிப்ரவரி 1 அன்று இடைக்கால அமைப்பாகத் தொடங்கி, 1978 ஆகஸ்டில் சட்டப்படி நிறுவப்பட்டது. தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994இல் உருவானது.

இப்பகுதிக்கு அருகிலுள்ள காவல்படை நிலையம் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம். பெரிய ரோந்துக் கப்பல் தரைதட்டும் இடங்களில், காற்று மெத்தைமேல் மிதந்து செல்லும் ஹோவர்கிராஃப்ட் மணல் திட்டுவரை ஏறிவிடும். 2022 மார்ச்சில், பொருளாதார நெருக்கடியால் இலங்கையிலிருந்து தப்பி வந்து தனுஷ்கோடிக்கு அப்பால் ஒரு திட்டில் தவித்த ஆறு பேரை இப்படித்தான் மீட்டார்கள். அவர்களில் ஒன்று நான்கு மாதக் கைக்குழந்தை.

எல்லாத் தேடலும் இப்படி முடிவதில்லை. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து சென்ற விசைப்படகு நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படைக் கலத்துடன் மோதி மூழ்கியது, நால்வர் இறந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் அவ்வூரின் இன்னொரு படகும் அவ்வாறே மூழ்க, இருவர் உயிர் தப்பினர், ஒருவர் இறந்தார். விபத்து என்றது இலங்கைக் கடற்படை. மோதி மூழ்கடித்தார்கள் என்றனர் மீனவர்கள். கடல் எல்லைக்கு அப்பால் மூழ்கும் படகை இந்திய மீட்புக் கலம் உடனே நெருங்க முடிவதில்லை என்பதே இக்கடலின் பெருந்துயரம்.

மீட்போரும் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். 2024 செப்டம்பரில், குஜராத்தின் போர்பந்தர் அருகே காயம்பட்ட கப்பல் பணியாளரை மீட்கப் போன காவல்படை ஹெலிகாப்டர் கடலில் விழுந்து மூவர் இறந்தனர். அப்படையினரின் வீரத்துக்கும் சேவைக்கும் 1990 முதல் தட்ரக்ஷக் பதக்கம் உண்டு. வலையை அறுத்துவிட்டு ஓடிய மீனவரின் துணிவும் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

கடலில் ஆபத்து என்றால் காவல்படையை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை 1093 என்ற எண்களில் அழைக்கலாம்.