சீமையால்: ரப்பர் மரம் தொட்டிச் செடியான வரலாறு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கச்சிராயபாளையம், கல்வராயன் மலையடிவாரத்தில் கோமுகி அணைக்கு அருகில் உள்ள ஊர். ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகியவை இப்பகுதி மக்கள் நன்கறிந்த மரங்கள். அதே பேரினத்தைச் சேர்ந்த சீமையாலோ பெரும்பாலும் தொட்டிச் செடியாகவே அறிமுகமானது. நர்சரிகளில் 'ரப்பர் செடி' என்று விற்கப்படுவது இதுவே.

கடல் கடந்து வந்தவற்றுக்கே 'சீமை' என்ற அடைமொழி பொதுவாக வழங்குகிறது. இந்த மரத்துக்கு அது முழுவதும் பொருந்தாது. வடகிழக்கு இந்தியாவும் இதன் தாயகமே. மேகாலயாவில் காசி மக்கள் இதன் வேர்களைப் பிணைத்து ஓடைகளின் குறுக்கே உயிர்ப்பாலங்கள் வளர்த்துள்ளனர்.

சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் ராக்ஸ்பர்க், 1793இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பேற்றார். 1810இன் இறுதியில் சில்ஹெட்டிலிருந்து அவருக்கு ஒரு பிரம்புக் கூடை நிறையத் தேன் வந்தது. பின்னல் கூடையிலிருந்து தேன் ஒழுகாதது அவருக்கு வியப்பளித்தது. உட்புறத்தில் மலைவாசிகள் ஒரு மரத்தின் பாலைப் பூசியிருந்தனர். அந்த மரத்துக்கு அவர் சூட்டிய பெயரே ஃபைகஸ் எலாஸ்டிகா. ஆங்கிலேயர் 'கண்டறிந்தனர்' என்று எழுதுவது வழக்கம். கூடை செய்தவர்களுக்கு அது முன்பே தெரிந்த பொருள்.

ரப்பருக்காக அசாமின் சார்துவாரில் 1873இல் அரசு இம்மரத்தைத் தோட்டமாகப் பயிரிட்டது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ஹீவியா விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். ஹீவியா விரைவில் பால் தந்தது. சீமையாலுக்கு நீண்ட காலம் தேவைப்பட்டது. ரப்பர் பயிராக அதன் காலம் முடிந்தது. ஐரோப்பிய வீடுகளின் வரவேற்பறைகளில் அலங்காரச் செடியாக நிலைத்தது. மகரந்தம் சேர்க்கும் தனிவகைக் குளவி இல்லாத இடங்களில் முளைக்கும் விதை கிடைப்பதில்லை. ஆகவே தோட்டக்காரர்கள் இதை விண்பதியம் மூலமும் தண்டுத் துண்டுகள் மூலமும் பெருக்கினர்.

காட்டில் இது பெரும்பாலும் வேறொரு மரத்தின் மேல் முளைத்து வேர்களைக் கீழே விடுகிறது. தொட்டியில் நீர் தேங்கினால் வேர் அழுகுவதற்கு இந்த இயல்பும் ஒரு காரணம். மேல்மண் காய்ந்தபின் நீர் ஊற்றினால் போதும். சித்திரை வெயில் இலையைக் கருக்கும் என்பதால் கிழக்குப் பார்த்த திண்ணை பொருத்தமானது. இலையில் படியும் தூசியை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கிளையை வெட்டும்போது வடியும் பால் தோலில் பட்டால் அரிக்கும்.

தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்த செடியைச் சிலர் வீட்டோரமாகத் தரையில் நட்டுவிடுகின்றனர். காட்டில் இது 30 மீட்டருக்கும் மேல் உயரும் மரம். இதன் வேர் கிணற்றையும் சுவரையும் பிளக்கக்கூடியது.