குறிக்கு அப்பால் யார்?

கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்த ஆண்டு. முதல் முறையாகத் துப்பாக்கிப் பயிற்சிக்குப் போக வேண்டிய நாள். விடியற்காலையில் சீருடையை மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா காசிமேடு ஏலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், இடுப்பில் கூடையோடு. வாசல்படியில் நின்று கேட்டாள்.

"யாரை சுடப் போறீங்க?"

"யாரையும் இல்லம்மா. அட்டையைத்தான்."

"அட்டைக்கு அந்தாண்ட யாரு இருப்பாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. குறியைப் பற்றி மட்டும்தான் யோசித்திருந்தேன். அவள் குறிக்குப் பின்னால் இருப்பதைப் பற்றிக் கேட்டாள். பல ஆண்டுகள் கழித்து, பெண்கள் துப்பாக்கி சுடக் கற்ற வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, அம்மாவின் கேள்வியில் இருந்துதான் அதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

அந்தக் கேள்வி எங்கள் கரைக்குப் புதியதல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று ஏறக்குறைய 130 குண்டுகளைச் சுட்டது. குறி பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள். தொட்டிகள் எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலில் ஆட்கள் இறந்தார்கள். பயந்துபோன மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். 'அவன் சரியான எம்டன்' என்று நாம் இன்றும் சொல்கிற வார்த்தை அந்த இரவில் பிறந்தது. வட சென்னைக் கரை பீரங்கியையும் துப்பாக்கியையும் எப்போதும் குழாயின் எதிர்ப்பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறது.

அதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1857 எழுச்சிக்குப் பிறகு ஆங்கிலேய அரசு 1878இல் ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தியர் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பியருக்கோ விலக்கு இருந்தது. உரிமம் கிடைத்தவர்கள் பெரும்பாலும் ஜமீன்தார்களும் அரசுக்கு வேண்டியவர்களும். ஆகவே பெண்கள் துப்பாக்கி பழகிய இடமும் அரண்மனையும் வேட்டைக்காடும்தான். சுதந்திரத்துக்குப் பின்னும் அந்த நிழல் நீடித்தது. துப்பாக்கி சுடுதலுக்காக 1968இல் அர்ஜுனா விருது பெற்ற பெண் பிகானேர் அரச குடும்பத்தைச் சேர்ந்த ராஜ்யஸ்ரீ குமாரி. அவருடைய திறமையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் குறி பார்க்கப் பழகுவதற்குத் துப்பாக்கி, தோட்டா, இடம், நேரம் எல்லாம் வேண்டும். கூடை சுமக்கிற பெண்ணுக்கு இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

இந்த வேலியை முதலில் பெரிய அளவில் உடைத்தவர்கள் தமிழ்ப் பெண்கள்தான். அது நடந்தது சென்னையில் அல்ல, சிங்கப்பூரில். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் அங்கே வந்தபோது, பெண்களின் கூட்டத்தில் அவருக்கு அணிவகுப்பு மரியாதை தர டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் முடிவு செய்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். இருபது பெண்களைத் திரட்டினார். இரவல் வாங்கிய .303 ரைஃபிள்களைக் கையில் கொடுத்துச் சில நாட்களே பழக்கினார். அந்த ரைஃபிள் ஏறக்குறைய நான்கு கிலோ எடை. புடவை கட்டிய பெண்கள் அதைத் தூக்கி நிறுத்தி மரியாதை செய்தார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டது. சேர்ந்தவர்களில் மிகப் பலர் மலேயா ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கங்காணியின் குரலுக்கும் துரையின் குரலுக்கும் பயந்து வாழ்ந்தவர்கள். அணிவகுப்பு, ரைஃபிள், வரைபடம் பார்த்தல் என்று எல்லாம் கற்றார்கள். தோட்டத்தில் நிமிர்ந்து நிற்பதே குற்றம். இங்கே நிமிர்ந்து நிற்பதுதான் முதல் பாடம்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அதே 1943 அக்டோபரில்தான் ஜப்பானிய விமானம் ஒன்று சென்னைத் துறைமுகப் பகுதியில் குண்டு வீசியது. சிங்கப்பூரில் தமிழ்ப் பெண்கள் ரைஃபிள் பிடிக்க இடம் கொடுத்த அதே வல்லரசு, இங்கே அவர்களின் உறவுக்காரர்கள் வாழ்ந்த கரையில் குண்டு போட்டது. நம் பெண்களின் வீர வரலாற்றைப் பெருமையோடு சொல்லும்போது இந்த முரணையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஆயுதம் கையில் வருவது விடுதலையின் பாதியாக இருக்கலாம். அந்த ஆயுதம் யாருடைய போரில் இருக்கிறது என்பது மறுபாதி.

சுதந்திர இந்தியாவில் சாதாரண வீட்டுப் பெண்ணுக்குத் துப்பாக்கியைத் தொடும் வாய்ப்பைத் தந்தது என்.சி.சி. 1948இல் அதற்கான சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே பெண்கள் பிரிவு தொடங்கியது. கட்டணம் இல்லை, சீருடை தருவார்கள், முகாமில் சாப்பாடு உண்டு. எங்கள் பகுதிப் பெண்கள் பலர் அதில் சேர்ந்ததற்கு முதல் காரணம் தேசபக்தி என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டைவிட்டுப் பத்து நாள் வெளியே போக வீட்டாரே அனுமதிக்கிற ஒரே வழி அது.

பயிற்சித் தளத்தில் முதலில் கண்ணில் பட்டது சிவப்புக் கொடி. அது ஏறியிருந்தால் சுடுதல் நடக்கிறது என்று பொருள். அட்டைகளுக்குப் பின்னால் உயரமான மண்மேடு. சிறிய .22 தோட்டா என்று அலட்சியம் வேண்டாம், தடை இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் என்றார் ஹவில்தார். மண்மேட்டின் இரு பக்கமும் காவலுக்கு ஆள் நின்றது. அம்மா கேட்ட கேள்விக்கான பதில் மொத்தமும் அங்கே மண்ணாகவும் கொடியாகவும் நின்றுகொண்டிருந்தது.

அன்று சுட்டது ஐந்து தோட்டா. அதற்கு முன் கற்றது ஒரு வாரப் பாடம். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் அது காலியா என்று திறந்து பார். 'காலிதான்' என்று யார் சொன்னாலும் நம்பாதே, நீயே பார். குழாய் எப்போதும் குறித் திசையில் இருக்கட்டும். சுடத் தீர்மானிக்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே. அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் தொகுத்த நான்கு விதிகளாக உலகெங்கும் சொல்லிக்கொடுக்கப்படுவதும் ஏறக்குறைய இவைதான். எங்களுக்கு அவை இந்திக் கட்டளைகளாக வந்தன. 'பர்' என்றால் தோட்டா போடு. 'காலி கர்' என்றால் காலி செய்.

புதிதாகச் சுடுகிறவர்கள் செய்கிற தவறுகள் எல்லோருக்கும் ஒன்றுதான். சத்தம் வரப்போகிறது என்று முன்கூட்டியே உடல் துள்ளும். கண் மூடிக்கொள்ளும். விசையை மெல்ல அழுத்தாமல் வெடுக்கென்று இழுப்போம். மூச்சை அதிக நேரம் அடக்கிக் கை நடுங்கும். இவற்றைவிட ஆபத்தானது, சுட்டு முடித்த மகிழ்ச்சியில் துப்பாக்கியோடு தோழியின் பக்கம் திரும்புவது. எங்கள் வரிசையில் ஒருத்தி அப்படித் திரும்பினாள். ஹவில்தார் குழாயைப் பிடித்து மண்மேட்டின் பக்கம் திருப்பிவிட்டுத்தான் பேசினார். 'பொம்பளைங்களுக்கு இதெல்லாம் வராது' என்று பக்கத்தில் இருந்த ஒருவர் சிரித்தார். ஹவில்தார் சிரிக்கவில்லை. "போன வாரம் பசங்களும் இதேதான் செஞ்சாங்க" என்றார்.

முடிந்ததும் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணினார்கள். அவற்றுக்கு 'கோக்கா' என்று பெயர். கொடுத்தது எத்தனை, திரும்பியது எத்தனை என்று கணக்குச் சரியாகும் வரை யாரும் நகரக் கூடாது. என்னிடம் தோட்டாவும் இல்லை, கோக்காவும் இல்லை என்று ஒவ்வொருத்தியும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு சிறு பித்தளைக் குழாய்க்குக்கூட இங்கே கணக்கு உண்டு.

'பெண்களுக்கு வராது' என்ற சிரிப்புக்கு வரலாறும் பதில் சொல்லியிருக்கிறது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ரைஃபிள் போட்டியில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே சுட்டார்கள். அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக், சக நாட்டவர் லானி பாஷமுடன் சமப் புள்ளி பெற்றார். விதிப்படி தங்கம் பாஷமுக்குப் போனது. அவர் மர்டாக்கைத் தன் மேடைக்கே ஏற்றி நிற்கவைத்தார். 1992 பார்சிலோனாவில், இருபாலரும் கலந்துகொண்ட ஸ்கீட் போட்டியில் சீனாவின் ஜாங் ஷான் ஆண்களை எல்லாம் வென்று தங்கம் பெற்றார். அடுத்த ஒலிம்பிக்கில் ஸ்கீட்டில் பெண்களுக்கு இடமே இல்லை. பெண்களுக்கான தனி ஸ்கீட் போட்டி 2000இல்தான் வந்தது. பல போட்டிகளில் ஆண்கள் 60 முறை சுடும்போது பெண்கள் 40 முறை மட்டுமே சுட வேண்டும் என்ற விதி 2018 வரை இருந்தது.

நம் நாட்டிலும் கதை மாறியது. என்.சி.சி. வழியாக வந்த அஞ்சலி பாகவத் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஏர் ரைஃபிள் இறுதிச்சுற்றை எட்டினார். உத்தரப் பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்தில் சந்திரோ தோமர், பேத்திக்குத் துணையாகப் பயிற்சித் தளத்துக்குப் போய், அறுபது வயதைக் கடந்த பிறகு தானே சுடத் தொடங்கினார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் பத்துப் புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு புள்ளி. அங்கே வலிமைக்கு வேலை குறைவு. அசையாமல் இருக்கத் தெரிய வேண்டும், மூச்சை அறிய வேண்டும், செய்ததையே மாறாமல் திரும்பச் செய்ய வேண்டும்.

காவல்துறையிலும் கதவு திறந்தது. 1973இல் தமிழ்நாடு காவல்துறையில் பெண்கள் சேர்க்கப்பட்டபோது ஒரு உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர்கள் மட்டுமே. இன்று ஆயிரக்கணக்கான பெண்கள் துப்பாக்கிப் பயிற்சி பெறுகிறார்கள். இதை நாம் வரவேற்கிறோம். கூடவே ஒன்றைக் கேட்கிறோம். தளத்தில் கற்ற விதி, தளத்துக்கு வெளியே என்ன ஆகிறது?

2012 பிப்ரவரி 15. கேரளக் கடலுக்கு அப்பால் 'செயின்ட் ஆன்டனி' என்ற மீன்பிடிப் படகு. என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலியக் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள் அதைக் கடற்கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கேரளத்தவர், மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். சுட்டவர்கள் நன்கு பயிற்சி பெற்றவர்கள். அவர்களின் குறி தப்பவில்லை. குறி எது என்று உறுதி செய்யும் விதிதான் தப்பியது. 2021இல் பத்துக் கோடி ரூபாய் இழப்பீட்டோடு உச்ச நீதிமன்றம் இந்தியாவில் அந்த வழக்கை முடித்துவைத்தது.

2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டுக்கு எதிராகத் திரண்ட மக்கள்மீது காவல்துறை சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு பள்ளி மாணவியும் உண்டு. திரேஸ்புரம் மீனவர் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு தாயும் உண்டு. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் காவல்துறையின் செயலைக் கண்டித்தது. ஒரு காலித் தோட்டா குறைந்தால் பதினெட்டு வயதுப் பெண்களை வெயிலில் நிறுத்திவைக்கிற ஒழுங்கு, பதின்மூன்று உயிருக்கு அதே கண்டிப்போடு கணக்குக் கேட்க வேண்டாமா?

இன்னொரு பக்கம், பயத்தை விற்பவர்களும் இருக்கிறார்கள். டெல்லிக் கொடுமைக்குப் பின், 2014இல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற கைத்துப்பாக்கியைப் பெண்களுக்கானது என்று அறிமுகம் செய்தது. எடை அரைக் கிலோ. விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். கைப்பைக்குள் வைக்கலாம் என்றார்கள். பெண்ணை அடிப்பவன் பெரும்பாலும் அவள் வீட்டுக்குள்ளேயே இருப்பவன் என்பதை யாரும் பேசவில்லை. குழந்தைகள் ஓடும் பத்துக்குப் பத்து அறையில் அதை எங்கே பூட்டிவைப்பது என்றும் சொல்லவில்லை. பொருளை விற்றார்கள், பழக்கத்தை விற்க முடியாது.

ஆகவே பெண்கள் துப்பாக்கி பழக வேண்டுமா என்று மாணவிகள் கேட்டால் என் பதில் இது: தளத்துக்குப் போங்கள். உங்கள் மூச்சையும் விரலையும் நீங்களே ஆள முடியும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அதோடு அங்கே கற்கிற விதிகளைக் கையோடு வெளியே எடுத்து வாருங்கள். துப்பாக்கி ஏந்திய எவரையும், எந்த அரசையும், அந்த விதிகளை வைத்துக் கேள்வி கேளுங்கள்.

அன்று மாலை என் அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஐந்து ஓட்டைகளும் நடுவில் இல்லை. இடப்பக்கக் கீழ்மூலையில், ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடக்கூடிய நெருக்கத்தில் இருந்தன. நடுவில் படாவிட்டாலும் பரவாயில்லை, ஐந்தும் சேர்ந்து விழுந்ததே முக்கியம் என்று ஹவில்தார் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினாள். முன்பக்கத்தைச் சும்மா ஒருமுறை பார்த்தாள். பிறகு திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அந்தாண்ட மண்ணுதானே?"

"மண்ணுதாம்மா. நானே பார்த்தேன்."

"அப்போ சரி" என்றாள்.