ஏட்டைத் தின்னும் உப்பு

பல ஆண்டுகளுக்கு முன்னர், அலுவல் நிமித்தமாகக் கும்பெனியார் காலத்துக் கடிதக் கட்டு ஒன்றைப் பார்வையிட நேர்ந்தது. ஒரு தாளை எடுத்துச் சாளரத்திற்கு நேரே பிடித்தேன். எழுத்துக்கள் கறுப்பாகத் தெரியவில்லை, ஒளியாகத் தெரிந்தன. மை படிந்திருந்த இடங்கள் பலவற்றில் தாள் உதிர்ந்து, எழுத்தின் வடிவிலேயே துளைகள் விழுந்திருந்தன. பூச்சி அரித்ததோ என்று முதலில் எண்ணினேன். பூச்சிக்கு எழுத்தறிவு ஏது? அரித்தது மையே என்றும், அந்த மையில் கலந்திருந்த ஓர் இரும்பு உப்பே அதற்குக் காரணம் என்றும் பின்னர் அறிந்தேன்.

அவ்வுப்பு நமக்குப் புதியதன்று. நாட்டு மருந்துக் கடையில் அதற்கு அன்னபேதி என்று பெயர். வடநூலார் காசீசம் என்பர். பள்ளிப் பரிசோதனைச்சாலையில் அது பெரஸ் சல்பேட். இரும்பை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து, கரைசலை வற்றவைத்து ஆறவிட்டால், வெளிறிய பச்சைப் படிகங்களாகக் கிடைக்கும். எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே இரும்பு. ஈரக் காற்றில் திறந்து வைத்தால் பிராணவாயுவை ஏற்றுப் பழுப்பேறிவிடும். அதன் பயனுக்கும் தீங்குக்கும் இந்தச் சபலமே மூலம். பரிசோதனைச்சாலையில் இப்படிகங்களை மிகக் காய்ச்சினால் மூச்சை அடைக்கும் கந்தகப் புகை எழும். ஆகவே காற்றோட்டமுள்ள இடம் வேண்டும். இரத்த சோகைக்குக் கொடுக்கும் மாத்திரைகளிலும் இவ்வுப்பு உண்டு. ஆனால் மிட்டாய் என்று கருதிக் குழந்தை பல மாத்திரைகளை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதை நேயர்கள் மறவாதிருக்க வேண்டும்.

துவர்ப்புள்ள மாசிக்காய், கடுக்காய் ஆகியவற்றின் சாற்றோடு சேர்ந்தால் அன்னபேதி கறுக்கும். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி இதை ஒரு சோதனையாகவே எழுதி வைத்தார். செப்புப் பச்சையில் வணிகர் அன்னபேதியைக் கலந்து விற்றனர். மாசிக்காய்ச் சாற்றில் ஊறிய பாப்பிரசுத் தாளில் அதைத் தடவினால், கலப்படச் சரக்கு தாளைக் கறுக்கச் செய்யும். இன்றைய சோதனைத் தாள்களுக்கெல்லாம் அதை மூதாதை எனலாம்.

அதே கறுப்பைத்தான் ஐரோப்பா மையாக்கிற்று. மாசிக்காய்ச் சாறு, அன்னபேதி, வேலம்பிசின், நீர் ஆகிய நான்கே சரக்குகள். எழுதும்போது வெளிறியிருக்கும் மை, காற்றுப்பட்டுக் கறுத்துத் தாளின் நாரைப் பற்றிக்கொள்ளும். தண்ணீரால் எளிதில் கழுவ இயலாது. பத்திரத்தைத் திருத்தி ஏமாற்றுவோருக்கு அஞ்சிய நீதிமன்றங்களும் அரசாங்கங்களும் இதைவிட வேறென்ன கேட்கும்? இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் விட்ஸ்டபிள் என்னும் ஊரில் இரும்புக் கந்தகக் கற்களைப் பொறுக்கி, மழையிலும் காற்றிலும் நெடுங்காலம் கிடத்தி, வடிந்த நீரைக் காய்ச்சி அன்னபேதி எடுத்தனர்.

தவறு அளவில் நேர்ந்தது. கறுப்பு மிகவேண்டி உப்பை மிகையாகப் போட்டனர். மாசிக்காய் மூன்று பங்குக்கு அன்னபேதி ஒரு பங்கு போதும் என்று 1763-இல் வெளியான தம் நூலில் வில்லியம் லூயிஸ் எழுதினார்; கேட்டவர் சிலரே. மையில் பிறக்கும் கந்தக அமிலம் தாளின் நாரைத் துண்டிக்கும்; துவர்ப்போடு சேராது மிஞ்சிய இரும்போ, காற்றிலுள்ள பிராணவாயுவைத் தூண்டி அந்த நாரையே எரிப்பதுபோல் சிதைக்கும். ஈரம் மிகுந்தால் இரண்டும் விரைவுபடும். நம் நாட்டு மழைக்காலம் கும்பெனிக் கடிதங்களுக்கு என்ன செய்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நம் முன்னோர் பெரும்பாலும் விளக்குக் கரியையே நம்பினர். ஓலையில் எழுத்தாணியால் கீறி, அக்கீறலில் கரியைத் தடவினர். கரிக்கு ஏட்டோடு பகையில்லை. ஆயினும் அவர்களை அளவுக்கு மீறிப் புகழ எனக்கு மனமில்லை. தாளில் எழுதிய கரிமை நீர்பட்டால் கரைந்தோடும்.

இந்தக் கேட்டை முன்னிட்டுச் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் நகரில் 1898-இல் பல நாட்டு அறிஞர்கள் கூடினர். வத்திக்கான் நூலகத் தலைவர் பிரான்ஸ் ஏர்லே அதற்கு முன்னின்றவர். நம் நாட்டில் 1891-இல் கல்கத்தாவில் தொடங்கிய ஆவணக் காப்பகம் 1926-இல் புது டில்லியிலுள்ள கட்டடத்தில் குடியேறிற்று. நொறுங்கும் தாளை மெல்லிய செல்லுலோஸ் அசிடேட் படலத்திற்கும் மென்தாளுக்கும் இடையே வைத்து, அசிட்டோன் தோய்ந்த பஞ்சால் ஒட்டும் முறையை 1950-களில் அங்கே வகுத்தனர். பெரிய யந்திரம் வேண்டாத, கையாலேயே செய்யத்தக்க முறை அது. ஆயினும் தாளைத் தாங்குமேயன்றி உள்ளே நிகழும் அரிப்பை அது நிறுத்தாது. 1990-களில் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் வேறு வழி கண்டனர். தவிட்டிலுள்ள பைட்டிக் அமிலம் இரும்பை இறுகப் பற்றிக்கொள்வது. உணவிலுள்ள இரும்பு உடலில் சேராதபடி தடுப்பதும் அதுவே. உடலுக்கு ஆகாத அக்குணம் ஏட்டுக்கு ஆயிற்று: அதன் கால்சிய உப்புக் கரைசலில் தாளை நனைத்தால், மிஞ்சிய இரும்பு கட்டுண்டுவிடும். பின்னர் வேறொரு கரைசலில் நனைத்து அமிலத்தையும் தணிப்பர். ஆனால் நீரில் நனைக்கத் தாங்கும் தாளுக்கே இச்சிகிச்சை.

நான் கண்ட தாள் தாங்கும் நிலையில் இல்லை. அதன் அடியில் ஒரு கறுப்புத் தாளை மெல்லச் செருகினேன். துளைகளெல்லாம் மீண்டும் எழுத்துக்களாயின. கடிதத்தை முழுவதும் படித்து மொழிபெயர்த்தேன்.