தளபதேயின் விமானம்: திரைப்படமும் வரலாறும்

தலைநகரின் தென்பகுதியாகிய முனிர்காவில் வாழும் தமிழர்க்கு விமான ஓசை புதிதன்று. மேற்கே பாலம் விமான நிலையம் இருக்கிறது. வடகிழக்கே, 1929-ஆம் ஆண்டில் தோன்றி நெடுநாள் வில்லிங்டன் பெயரைத் தாங்கியிருந்த சப்தர்ஜங் விமானத்திடல் இருக்கிறது. முனிர்காவுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. தெற்கே வரலாறு கற்பிக்கும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகமும், கிழக்கே பொறியியல் கற்பிக்கும் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அதற்கு அண்டை வீடுகள் போன்றவை. "இச்செய்திக்குச் சான்று யாது?" என்பது முதல் வீட்டாரின் கேள்வி. "இப்பொருள் இயங்கும் விதம் யாது?" என்பது இரண்டாம் வீட்டாரின் கேள்வி. இவ்விரு கேள்விகளையும் துணையாகக் கொண்டு, ஒரு விமான முன்னோடியின் கதையையும் அக்கதையைச் சொன்ன திரைப்படத்தையும் இங்கே ஆராய்வோம்.

2015-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30-ஆம் நாள் 'ஹவாய்ஸாதா' என்னும் இந்திப் படம் வெளிவந்தது. விபு புரி அதனை இயக்கினார். ஆயுஷ்மான் குரானா கதைத்தலைவர் சிவகர் பாபுஜி தளபதேயாக நடித்தார். மிதுன் சக்கரவர்த்தி அவருக்கு வழிகாட்டும் சாஸ்திரியாகத் தோன்றினார். பாட்டும் காதலும் நிறைந்த அந்தப் படம், ரைட் சகோதரர்களுக்கு எட்டாண்டுகள் முந்தியே, 1895-இல், பம்பாயில் ஓர் இந்தியர் விமானம் செய்தார் என்ற செய்தியை அடிப்படையாகக் கொண்டது.

தளபதே கற்பனை மனிதர் அல்லர். 1864-இல் பம்பாயில் பிறந்தவர். அந்நகரின் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் கலைப் பள்ளியோடு தொடர்புடையவர். ஆரிய சமாஜக் கருத்துக்களில் ஈடுபட்டு, தயானந்த சரஸ்வதியின் வேத விளக்கங்களைப் பயின்றவர். பழைய நூல்களில் வரும் விமானங்களை மீண்டும் செய்து காட்டலாம் என்று நம்பி, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அம்முயற்சிக்கே ஈந்தவர். முதல் உலகப் போர் நடந்த காலத்தில் அவர் மறைந்தார். இதுவரை ஐயமில்லை.

ஐயம் எழுவது அடுத்த படியில்தான். 1895-இல் சௌபாத்திக் கடற்கரையில், 'மருத்சகா' என்னும் ஆளில்லா விமானம் 1500 அடி உயரம் எழுந்து பின்னர் வீழ்ந்தது என்றும், பரோடா மன்னர் சாயாஜிராவும் நீதிபதி ரானடேயும் அதனை நேரில் கண்டனர் என்றும் பிற்காலத்தார் எழுதினர். பாதரசத்தால் அது இயங்கியது என்றும் கூறுவர். ஆனால் அந்த விமானத்தின் ஒரு துண்டேனும், ஒரு நிழற்படமேனும் நமக்குக் கிடைக்கவில்லை.

இதனோடு மற்றொரு நிகழ்ச்சியை ஒப்பிட்டுப் பார்ப்போம். 1896-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், அமெரிக்காவில் சாமுவேல் லாங்லி என்னும் அறிஞர், ஆளில்லாத நீராவி விமானம் ஒன்றைப் போட்டோமாக் ஆற்றின் மேல் பறக்கவிட்டார். அது மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்தது. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் நேரில் அதனைக் கண்டார், நிழற்படமும் எடுத்தார். ஆகவே லாங்லியின் வெற்றியை இன்று எவரும் மறுப்பதில்லை. சான்று செய்யும் உதவி இதுவே.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். பாதரச அயனிகளை உமிழ்ந்து இயங்கும் பொறி உண்மையில் உண்டு. 1964-இல் அமெரிக்கர் அதனை விண்வெளியில் சோதித்தனர். ஆனால் அதன் உந்துவிசை சில கிராம் எடைக்கு ஒப்பானது. காற்றும் எடையும் எதிர்நிற்காத வெளியிலேதான் அது பயன்படும். கடற்கரை மணலிலிருந்து ஒரு விமானத்தைத் தூக்கும் வலிமை அதற்கு இல்லை.

தளபதே கதைக்கு ஆதாரமாகப் பலர் காட்டுவது 'வைமானிக சாஸ்திரம்' என்னும் வடமொழி நூல். ஆனேக்கல்லில் வாழ்ந்த பண்டிதர் சுப்பராய சாஸ்திரி, தம் அகக்காட்சியில் பெற்றதாகச் சொல்லி, 1918-ஆம் ஆண்டு முதல் பிறருக்கு எழுதக் கொடுத்தது அது. 1974-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த முகுந்தா முதலிய ஐந்து அறிஞர்கள் அதனை ஆராய்ந்தனர். நூல் 1904-க்கு முற்பட்டது என்பதற்குச் சான்றில்லை என்று மொழிநடையாலும் பிற குறிப்புகளாலும் கண்டனர். அதிலுள்ள சகுன, சுந்தர, ருக்ம, திரிபுர விமானங்களுள் ஒன்றுகூடப் பறக்கும் தகுதி உடையதன்று என்பதைக் கணக்கிட்டுக் காட்டினர்.

அவ்வாராய்ச்சியில் வரும் ஒரு சிறு குறிப்பு நம் நெஞ்சைத் தொடுகிறது. சாஸ்திரியின் வழிகாட்டலில் பம்பாய்த் தளபதே சில மாதிரி விமானங்களைச் செய்து பார்த்தார். எதனையும் பறக்கவைக்க அவரால் இயலவில்லை என்பது அக்குறிப்பு. படம் 1895-இல் அவருக்குத் துணை நிற்பதாகக் காட்டும் சாஸ்திரியின் சாஸ்திரம், அவ்வாண்டில் எழுதப்படவே இல்லை. உண்மைத் தளபதேயோ, முதுமையை நெருங்கிய நிலையிலும் முயன்று, தோற்று, மீண்டும் முயன்ற மனிதர். கையில் பொருள் குறைவு. துணைக்கு நல்ல கணக்கும் இல்லை. இந்தத் துயரமன்றோ கதை? இதனை நீக்கிவிட்டு வெற்றி மாலை சூட்டினால், அம்மனிதரை நாம் இழந்துவிடுகிறோம்.

பெருமைக்காக வரலாற்றை வளைப்பது நம்மவர்க்கு மட்டும் உரிய குற்றமன்று. லாங்லியின் ஆளேறும் விமானம், ரைட் சகோதரர் வெற்றி பெறுவதற்கு ஒன்பதே நாள் முன்பு, 1903 டிசம்பர் 8-இல் ஆற்றில் வீழ்ந்தது. எனினும் அவர் தலைமை வகித்த ஸ்மித்சோனியன் நிலையம், பறக்கத் தக்க முதல் விமானம் அதுவே என்று நெடுங்காலம் சாதித்தது. மனம் நொந்த ஆர்வில் ரைட், தம் விமானத்தை 1928-இல் இலண்டனுக்கு அனுப்பிவிட்டார். 1942-இல் அந்நிலையம் தன் கூற்றைத் திருத்திக்கொண்டது; 1948-இல் விமானம் தாய்நாடு திரும்பியது. திருத்தியதால் அந்நிலையத்தின் மதிப்புக் குறையவில்லை, வளர்ந்தது.

நம் நாட்டிலோ, படம் வெளிவந்த அதே ஜனவரியில், பம்பாயில் கூடிய இந்திய விஞ்ஞான மாநாட்டில் ஒருவர் வைமானிக சாஸ்திரத்தை விஞ்ஞானமாகவே எடுத்துரைத்தார். திரையில் கண்டது மேடையேறினால், மாணவர் எதனை நம்புவர்? ஆகவேதான் இதனைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட இயலவில்லை.

தமிழர்க்கு இதில் ஒரு நல்ல மரபு உண்டு. சீவக சிந்தாமணியில் விசயை மயிற்பொறி ஏறி வானில் செல்கிறாள். சுடுகாட்டில் இறங்கிச் சீவகனை ஈன்றெடுக்கிறாள். அக்காட்சியைப் படித்து நாம் உருகுகிறோம். திருத்தக்க தேவரின் கற்பனைக்குத் தலை வணங்குகிறோம். அந்த மயிலுக்கு எந்திரப் படம் வரைந்து காட்டினால்தான் காவியம் உயரும் என்று கருதுவதில்லை.

சான்றுள்ள முன்னோடிகளும் நம்மிடையே இருந்தனர். 1910-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜாக்கொமோ தாஞ்செலிஸ் என்பவர், தாமே வகுத்த விமானத்தைச் சிம்ப்ஸன் கம்பெனியாரைக் கொண்டு கட்டுவித்துப் பல்லாவரத்தில் பறந்தார். அவர் பெயரைச் சென்னையிலேயே அறிந்தவர் சிலர்தாம். இட்டுக்கட்டிய புகழுக்கு இடம் கொடுத்தால் உண்மைப் புகழுக்கு இடம் குறையும் என்பதற்கு இது சான்று.

'ஹவாய்ஸாதா'வைப் பார்க்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. கலைஞனுக்குக் கற்பனை செய்ய உரிமை உண்டு; காண்போர்க்குக் கேள்வி கேட்கும் கடமை உண்டு. தளபதே பறந்தார் என்று மெய்ப்பிக்க இயலாது. ஆனால் பறக்க விரும்பினார், அதற்காக உழைத்தார் என்பதில் ஐயமில்லை. அந்த உழைப்புக்கு உரிய மரியாதையை, பொய் கலவாமல் அளிப்பதே அவருக்கு நாம் செய்யும் நன்றியாகும்.