50 தலைக்கவசங்களின் கதை



ஸ்டார் வோர்ஸ் படத்தில் வரும் வெள்ளைப் படைவீரர்களின் தலைக்கவசம் பெரிய தொழிற்சாலையில் உருவானது என்றுதான் நாம் நினைத்திருப்போம். அப்படியல்ல.

1976இல், ரல்ஃப் மெக்குவாரி வரைந்த படங்களைப் பார்த்து நிக் பெம்பர்டன் களிமண்ணில் உருவம் செய்தார். லண்டன் டுவிக்கன்ஹாமில் பட்டறை வைத்திருந்த அண்ட்ரூ எய்ன்ஸ்வர்த் அதைப் பிளாஸ்டிக்கில் வார்த்தார். தகட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் போர்த்தி, இடையிலுள்ள காற்றை உறிஞ்சினால் தகடு அச்சின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். சிறிய பட்டறைக்கும் முடிந்த வேலை. இப்படி 50 தலைக்கவசங்கள் தயாராகின.

2004இல் அவர் அதே மாதிரிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். லூகாஸ்ஃபிலிம் வழக்குப் போட்டது. அமெரிக்க நீதிமன்றம் 2 கோடி டொலர் நட்டஈடு விதித்தது. ஆனால் 2011இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம், அது சிற்பமல்ல, படம் எடுப்பதற்கான பாவனைப் பொருள் என்றது.

நம் பிள்ளைகள் காட்போட்டிலும் ரெஜிபோமிலும் இப்படி ஒன்றைச் செய்தால் "வீண் வேலை" என்கிறோம். அளவெடுப்பும் பொறுமையும் அதற்குள்தானே இருக்கின்றன? அடுத்த கண்காட்சியில் அதையும் மேசையில் வைப்போம், செய்த பிள்ளையின் பெயரோடு.